கடைசிக் கை

தலைமைப் பொறியாளர் சிவசைலம் மேசை ஓரத்தில் பதித்திருந்த பித்தளைத் தட்டின் மேல் தன் மோதிரத்தால் இரண்டு முறை தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. சகாயராணியின் விசைப்பலகை திறந்துகொண்டது.

"ஆரம்பிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு, திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் அறைக்குப் போனார்.

திரையைப் பார்க்காமல் போவதுதான் நீர்வழி வாரியத்தில் நாகரிகம். பார்த்தவன் சாட்சியாகிவிடுவான். வாயைத் திறந்து ஆணையிடுவதும் அங்கே வழக்கமில்லை. அதிகாரிகள் தட்டுவார்கள். தொடுநர்கள் தொடுவார்கள்.

மதகு, குழாய், தெருவிளக்கு, மருத்துவமனையின் பிராணவாயுக் குழாய் என்று மாநிலத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் கணினி நிரல்கள்தான் ஓட்டின. அந்த நிரல்கள் அத்தனையும் 'தடயம்' என்ற ஒரே கருவிக்குள் இருந்தன. நிரலின் எந்த வரி எப்போது எப்படி இருந்தது, யார் மாற்றினார், மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்று தடயம் எதையும் மறக்காது. தப்பு நடந்தால் நேற்றைய பதிப்புக்குத் திருப்பிவிடலாம். ஒரு மதகைத் திறந்தாலும் அதுவும் ஒரு வரியாகத்தான் பதியும். எந்த வரியின் மேலும் விரலை வைத்து 'யாருடையது' என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லும்.

வெகுகாலத்துக்கு முன் ஒரு பாலம் விழுந்தது. விசாரணைக் கமிஷன் கூடிப் பேசி, யார் மேலும் தப்பில்லை என்று கண்டுபிடித்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பக் கொண்டுவந்ததுதான் கடைசிக் கை சட்டம். ஒரு வரி செய்யும் கேட்டுக்கு, அந்த வரியில் தடயம் காட்டும் பெயருக்கு உரியவரே பொறுப்பு. சாக்குப்போக்கு கிடையாது, மேல்முறையீடு கிடையாது. எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள்.

அந்த வாரத்திலிருந்து நிரந்தர ஊழியர் ஒருவரும் விசைப்பலகையைத் தொடவில்லை. தொடுவதற்கென்று ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். பாதாளச் சாக்கடைக்குள் இறங்க ஆள் பிடித்துக் கொடுத்த அதே ஏஜென்சிகள்தான் இதற்கும் பிடித்துக் கொடுத்தன. அலுவலக வாசலில் பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினார்கள். இறங்கும் ஆட்கள் வந்த அதே தெருக்களிலிருந்துதான் தொடும் ஆட்களும் வந்தார்கள். வடசென்னையில் குழந்தைகள்கூடச் சொல்லும்: தட்டுனவன் ஊட்டுக்கு, தொட்டவன் ஜெயிலுக்கு.

சகாயராணியின் தம்பி அமலதாஸ் ஜெயிலில் இருந்தான்.

அவன் செய்தது இவ்வளவுதான். ஒரு மருத்துவமனையின் பிராணவாயுக் குழாயை ஓட்டும் பழைய நிரலில் ஒரு வரி கோணலாக நின்றது. அழகாக இல்லை, நேராக்கு என்று சிவசைலம் தட்டினார். அமலதாஸ் அந்த வரிக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டான். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அந்த வரியை எழுதியவன் எப்போதோ செத்துப்போயிருந்தான். அதற்குள் கிடந்த பிழை அடுத்த கோடையில் ஒரு பிற்பகல் விழித்துக்கொண்டு குழாயை மூடியது. நோயாளிகள் செத்தார்கள். யாருடையது என்று கேட்டார்கள். தடயம் அமலதாஸ் என்றது.

ஒரு இடைவெளிக்கு ஏழு வருடம்.

இப்போது அவளுக்குக் கொடுத்திருந்த வேலை தடயத்தையே சீரமைப்பது. கருவி கிழடுதட்டிவிட்டது. ஒரு மதகைத் திறக்கச் சொன்னால், யார் என்ன என்று தன் குடலெல்லாம் துழாவிவிட்டு ஆற அமரத்தான் திறந்தது. வெயில் காலத்தில் சரி. ஐப்பசி மழையில் அந்த நேரத்துக்குள் ஏரி கரை தாண்டிவிடும். உள்ளமைப்பைப் பிரித்துக் கழுவிக் கோக்க வேண்டும். வெளியே தெரியும் நடத்தை மட்டும் துளிகூட மாறக்கூடாது.

அப்படிச் செய்பவர் பெயர் தடயத்தின் ஒவ்வொரு வரியிலும் விழும். வருங்காலத்தில் தடயம் தடுக்கி விழுந்தால், அதனால் எது முழுகினாலும், எது எரிந்தாலும், எவர் செத்தாலும் அவர்தான். வாரியத்துக்கு இது தெரியும். அதனால்தான் நிரந்தர ஊழியரில் ஒருவரும் முன்வரவில்லை. சகாயராணிக்கும் தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டாள்.

"முடிச்சுக் குடு. உன் தம்பிக்குத் தண்டனைக் குறைப்புக்கு நானே எழுதறேன்" என்று சிவசைலம் சொல்லியிருந்தார்.

பக்கத்து மேசைத் தொடுநர் தாவூத் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். தாடி முழுக்க நரைத்தும் இதுவரை சிறை பார்க்காத ஒரே தொடுநர் அவர்தான் என்று வாரியத்தில் பேச்சு. மேல்மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது என்று சொல்லிச் சொல்லியே ஆபத்தான வரிகளைத் தாண்டி வந்தவர்.

"இன்னா ராணிமா, சாக்கடையில எறங்கிட்டியா?"

"எறங்கியாச்சு பாய்."

"நாத்தம் எப்டி?"

"நீங்களே மோந்து பாருங்க."

"ஐயோ, நான் பாக்கல. நான் கண்ணாடிகூடப் போடல இன்னைக்கி." தாவூத் கையால் கண்ணை மூடிக்கொண்டே நாற்காலியைப் பின்னால் உருட்டிப் போனார்.

உள்ளே உண்மையிலேயே சாக்கடைதான். ஒருவன் எழுதியதை அடுத்தவன் தொடப் பயந்து, அதே வேலைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழுதி வைத்திருந்தான். மூன்றாமவன் இரண்டையும் தொடாமல் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை நுழைத்திருந்தான். ஒரே கணக்கைப் போட ஐந்து இடம். யாரும் போகாத அறைகள், எங்கேயும் போகாத படிக்கட்டுகள். குறிப்புகள் மட்டும் நேர்மையாக இருந்தன. 'இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியாது. தொடாதே.' 'எனக்குக் குழந்தை இருக்கிறது, நான் தொட மாட்டேன்.' ஓரிடத்தில் வெறுமனே 'மன்னிக்கவும்' என்று இருந்தது.

சகாயராணி பொறியியல் கல்லூரியைப் பாதியில் விட்டவள். கட்டணம் ஒரு காரணம், வாத்தியாரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது இன்னொரு காரணம். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் இரவு ஷிப்டுகளில் அடுத்தவன் குப்பையைக் கிளறிக் கற்றது. குப்பையைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வந்ததில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை பேர் இவ்வளவு புத்திசாலித்தனத்தை, பயந்து ஒதுங்குவதற்காகவே செலவழித்திருக்கிறார்களே என்று கோபம்.

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரே வேலை செய்யும் இரண்டைக் கண்டால் ஒன்றாக்கினாள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதனை வரிகளை ஓட்டினாள். கருவி முன்பு எப்படி நடந்துகொண்டதோ இப்போதும் அப்படியே நடக்கிறதா என்று பார்ப்பவை அவை. எல்லாம் பச்சையாக எரிந்தால் நடத்தை மாறவில்லை என்று பொருள். சோதனையில் இல்லாத நடத்தை, நடத்தையே இல்லை. அது அந்தத் தொழிலின் வேதம்.

அப்படித்தான் அந்த இரட்டையிடம் வந்து சேர்ந்தாள்.

மோதிரம் படிக்கும் பகுதிகள் அவை. வருகைப் பதிவுக்காக எல்லோர் விரலிலும் மோதிரம் உண்டு, அதிகாரிக்கு வெள்ளி, தொடுநருக்குத் தகரம். பித்தளைத் தட்டில் படும் வெள்ளி மோதிரத்தை மட்டும் ஒரு பகுதி படித்தது. விசைப்பலகையில் படும் தகர மோதிரத்தை இன்னொரு பகுதி படித்தது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஒரே வித்தியாசம், முதலாவது தான் படித்த பெயரை 'அதிகாரி இன்று அலுவலகம் வந்தார்' என்று வருகையில் போட்டு, விசைப்பலகையைத் திறந்துவிட்டு நின்றுவிடும். இரண்டாவது தான் படித்த பெயரை வரியின் மேல் எழுதும்.

எந்தத் தட்டு எந்த வரிக்காகத் தட்டப்பட்டது என்பதும் அங்கேயே இருந்தது. மறைத்து வைக்கவில்லை. தொடக்க நாளிலிருந்து அப்படியேதான் கிடந்தது, கேட்டால் காட்டும். கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஒரே பகுதி படிக்கும். முதலில் எந்த மோதிரம் படுகிறதோ அதன் பெயர் வரியில் விழும். தட்டுவது எப்போதும் முதலில், தொடுவது எப்போதும் பிறகு.

சோதனை வரிகளைத் திறந்து பார்த்தாள். தட்டியவர்: கந்தன். தொட்டவர்: கந்தன். வரியில் விழ வேண்டிய பெயர்: கந்தன். எல்லாச் சோதனையும் அப்படித்தான். தடயத்தை முதலில் எழுதியவன் பழைய காலத்து ஆள். தன் வேலையைத் தானே தீர்மானித்துத் தானே செய்தவன். சொல்கிறவன் ஒருவன், செய்கிறவன் ஒருவன் என்பது அவன் புத்திக்கே எட்டவில்லை.

அவள் அதை ஒன்றாக்கவில்லை. அன்று விட்டுவிட்டாள். வெளியே தெரியும் நடத்தை மாறக்கூடாது என்பது ஆணை. தம்பிக்காக அவள் ஆணைப்படி நடந்துகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போனாள். தொடுநர்களுக்கென்று அங்கே தனிக் கொட்டடி கட்டியிருந்தார்கள். அதுவும் போதாமல் பக்கத்தில் இன்னொன்று எழும்பிக்கொண்டிருந்தது. அமலதாஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். பேச்சு மட்டும் மெலியவில்லை.

"புதுசா யாரு உள்ள வந்தாலும் இன்னா கேப்போம் தெரியுமாக்கா? 'இன்னாத்தத் தொட்ட?' ஒருத்தன் கமாவத் தொட்டானாம். அவனுக்கு கமான்னே பேரு வெச்சிட்டோம். என்னைய ஸ்பேஸுன்னு கூப்புடுறானுங்க."

"சிரிக்காத."

"வேற இன்னா பண்றது? பெரியவரு எழுதுறேன்னாரே, எழுதிட்டாரா?"

"கேக்குறேன்."

"கேளு. ஆனா ரொம்பக் கேக்காத. உன்னையும் எதனா தொடச் சொல்லிடப் போறாரு."

தான் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவனிடம் அவள் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் சிவசைலத்தின் அறைக்குப் போய்க் கேட்டாள். அவர் கோப்பிலிருந்து நிமிராமல் பேசினார்.

"வேலை எந்த அளவுல இருக்கு?"

"முடியப் போவுது சார். தம்பி விஷயம்..."

"இங்க பாரும்மா. நானும் யோசிச்சேன். அது பழைய வரி. நான் சிபாரிசு எழுதினா, உனக்கு அந்த வரியில என்ன அக்கறைன்னு என்னைக் கேப்பான். எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கற மாதிரி ஆயிடும்ல?"

"நீங்கதானே சார் தட்டினீங்க?"

அவர் நிமிர்ந்தார். கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாதவர் போல்தான் பார்த்தார்.

"நான் தட்டினேன். தொட்டது அவன்தானே?"

அந்த முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளைக் கொளுத்தியது. திருடனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இந்த மனிதர் தன் கை சுத்தமாக இருக்கிறது என்று மனதார நம்பினார். ராத்திரி தூங்கினார்.

சகாயராணி மேசைக்குத் திரும்பி வந்து இரட்டையை ஒன்றாக்கினாள். சோதனைகளை ஓட்டினாள். அத்தனையும் பச்சை. மாற்றத்தின் விளக்கக் குறிப்பில் யாருக்கும் புரியும்படி எழுதினாள்: 'மோதிரம் படிக்கும் இரண்டு பகுதிகள் ஒன்றாக்கப்பட்டன. இனி எந்த வரியிலும் முதலில் பட்ட மோதிரத்தின் பெயரே காட்டப்படும். பழைய வரிகளுக்கும் இது பொருந்தும்.' குறிப்பைத் திரையில் பெரிய எழுத்தில் வைத்துவிட்டு, "சார், பதியலாமா?" என்று கூப்பிட்டாள்.

சிவசைலம் வந்தார். அவள் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார். நாகரிகமான மனிதர்.

அவள் தொட்டாள்.

கருவி பறந்தது. கேட்ட மாத்திரத்தில் மதகு அசைந்தது. வாரியத்தில் இனிப்பு கொடுத்தார்கள். சிவசைலம் அவளுக்கும் ஒரு லட்டு அனுப்பினார். அவள் அதைத் தாவூதிடம் தள்ளினாள்.

மூன்றாம் நாள் காலை எங்கோ ஒரு மாவட்டத்தில் ஒரு தெருவிளக்கு மின்சாரம் கசிந்து ஒரு மாட்டைக் கொன்றது. யாருடையது என்று கேட்டார்கள். தடயம் ஒரு கண்காணிப்புப் பொறியாளரின் பெயரைச் சொன்னது. கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குத் தெரிந்த ஒரு வரியைக் கேட்டுப் பார்த்தார்கள். மதியம் வாரியத்தின் உணவுக்கூடத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை.

சிவசைலம் சகாயராணியின் மேசைக்கு வந்தார். முதன்முறையாகத் திரையைப் பார்த்தார். அமலதாஸின் வரி திறந்திருந்தது. அதன் மேல் சிவசைலம் என்று இருந்தது.

"இது என்ன?"

"நீங்க தட்டினது சார்."

"திருப்பு. உடனே பழைய பதிப்புக்குத் திருப்பு."

"தட்டுங்க சார். திருப்புறேன்."

அவர் கை பித்தளைத் தட்டு வரை போனது. அங்கேயே நின்றது. திருப்புவதும் ஒரு வரிதான். அந்த வரியில் அவர் பெயர்தான் விழும். மாநிலத்தின் அத்தனை அதிகாரிகளின் பெயரையும் மறைத்தவர் யார் என்று நாளை ஒரு வழக்கறிஞர் கேட்டால், தடயம் சொல்லிவிடும். இந்த மாற்றம் ஏற்கனவே பதிந்ததும் அவர் தட்டியதால்தான்.

"நீ தொட்டே. நீதானே தொட்டே?" அவர் குரல் கீச்சிட்டது. "உன்னை உள்ள தள்ளுவேன்டி!"

"யாருடையதுன்னு கேட்டுப் பாருங்க சார்."

தாவூத் தன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அதன் பிறகு மாநிலத்தில் ஒருவரும் தட்டவில்லை. செயலாளர் இயக்குநரைத் தட்டச் சொன்னார், அதுவும் வாய்மொழியாக. இயக்குநருக்கு நெஞ்சுவலி வந்தது. கண்காணிப்பாளர்கள் கூட்டமாக மருத்துவ விடுப்பில் போனார்கள். தடயத்தைத் திருப்ப யாரும் தட்டவில்லை, ஓட்டவும் யாரும் தட்டவில்லை. அமலதாஸின் வழக்கறிஞர் மட்டும், இது மேல்முறையீடு இல்லை, தடயம் காட்டும் பெயரே இப்போது வேறு என்று தடயத்தின் சான்றோடு நீதிமன்றத்துக்கு ஓடினார். கொட்டடி முழுக்க மனு எழுதிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது.

நெடுமரம் ஏரிக்கு இரண்டு மதகு. வடமதகைத் திறந்தால் தண்ணீர் வடகால் குடியிருப்புக்குள் போகும். சகாயராணி பிறந்து வளர்ந்த இடம், ஓரடுக்கு வீடுகள். தென்மதகைத் திறந்தால் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் தென்கால் வளாகத்துக்குள் போகும். கடலுக்குக் கிட்டத்து வழி அதுதான். ஆனால் வளாகம் எழும்பிய பிறகு தென்மதகைத் திறந்ததாகத் தடயத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் வடகால்தான் முழுகியது. அவள் அப்பாவின் கல்யாண சட்டை, அம்மாவின் தையல் இயந்திரம், தன் மதிப்பெண் சான்றிதழ்கள் எல்லாம் யாரோ தட்டிய ஒரு தட்டில் போனவை.

மழையின் இரண்டாம் நாள் பகல். கட்டுப்பாட்டு அறையில் ஏரியின் படம் சிவப்பாகிக்கொண்டே வந்தது. ஏதாவது ஒரு மதகைத் திறக்காவிட்டால் கரை உடையும். உடைந்தால் வடக்கு தெற்கு என்று இல்லை, எல்லாம் போகும். அறையில் ஒரு அதிகாரியும் இல்லை. சிவசைலம் கழிவறைக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. வெள்ளி மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார், விரலில் இருந்தால் தவறிப் பட்டுவிடுமோ என்ற பயம்.

தாவூத் அந்த மோதிரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கெடக்கு பாரு. எடுத்துத் தட்டு ராணிமா. அவன் பேரே உழும்."

அவள் அதைக் கையில் எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. தட்டினால் போதும். ஏரி வடியும், சிவசைலம் உள்ளே போவார். அவருக்கு வேண்டியதுதான்.

ஆனால் தட்டாத கைக்குத் தட்டியதாகப் பெயர் எழுதுவது என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் தம்பிக்குச் செய்தார்கள். எல்லோரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மோதிரத்தை வீசி எறிந்தாள். அது கோப்பு அலமாரிக்கு அடியில் உருண்டது.

"பைத்தியமா உனக்கு? வேற வெள்ளி மோதிரத்துக்கு எங்க போவ?"

"இனிமே வெள்ளி, தகரம்னுலாம் இல்ல பாய். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன். எந்த மோதிரத்துக்கும் தொறக்கும்."

தாவூத் மெதுவாகத் தாடியைத் தடவினார். "எந்த மதகு?"

"தெற்கு."

அவர் முகம் மாறியது. "எம் பொண்ணு ரஹ்மத் அங்கதான் இருக்கா. கீழ்த்தளத்துல செக்யூரிட்டி. அங்க மேல இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாதுமா. கீழ நிக்கிறதெல்லாம் நம்மாளுங்கதான்."

அது உண்மை. எந்தப் பக்கம் திறந்தாலும் கீழே நிற்பவர்கள் இவர்கள்தான். அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது.

"போன் போடுங்க பாய். எல்லாரையும் மேல ஏறச் சொல்லுங்க. நான் சங்கு ஊதுறேன். வடக்கால எங்க ஏறுறது? வூட்டுக் கூரையிலயா?"

தாவூத் போனில் கத்தினார். தென்கால் முழுக்க அபாயச் சங்கு ஊதியது. ரஹ்மத் நான்காவது மாடியிலிருந்து, "ஏறிட்டேன் வாப்பா, எல்லாரும் ஏறிட்டோம்" என்றாள். சகாயராணி படத்தைப் பார்த்தபடி, தாங்கும் மட்டும் காத்திருந்தாள். பிறகு தன் தகர மோதிரத்தால் பித்தளையில் இரண்டு முறை தட்டினாள். வாயாலும் சொன்னாள், அந்த அறையில் யாரும் கேட்டிராதபடி உரக்க.

"தென்மதகைத் திற."

பச்சை விளக்கு எரிந்தது. அவள் விசைப்பலகைக்குக் கையை நீட்டுமுன் தாவூத் தன் நடுங்கும் விரலை வைத்துத் தொட்டார். வாழ்நாளில் அவராகத் தொட்ட முதல் வரி.

ஏரி வடிந்தது. கரை நின்றது. வடகால் நனைந்ததோடு சரி.

தென்கால் வளாகத்தின் வாகன நிறுத்தத்தில், மறுநாள், கோதண்டம் என்ற காவலாளியின் உடல் கிடைத்தது. சங்கு கேட்டு மேலே ஏறியவர்தான். யாரோ ஒரு மேலாளர், என் காரை ஏற்றி விடு என்று சாவியைக் கொடுத்து அவரைத் திரும்பக் கீழே அனுப்பியிருந்தார். அதைத் தட்டாமல், வாயால் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு வரி இல்லை.

போலீஸ் வந்து தடயத்தைக் கேட்டது. தடயம் சகாயராணி என்றது. ஒரே பெயர், சரியான பெயர். கருவி ஒழுங்காக வேலை செய்தது.

அவள் மறுக்கவில்லை. பெண்கள் கொட்டடியில் முதல் நாளே சுற்றி நின்று கேட்டார்கள்.

"இன்னாத்தத் தொட்ட?"

"தொடல. சொன்னேன்."

அவர்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். அப்படி ஒருத்தி அங்கே வந்ததே இல்லை.

தை பிறந்தபோது அமலதாஸ் வெளியே வந்தான். விடுதலையானதும் முதல் வேலையாக அக்காவைப் பார்க்க வந்தான். இந்த முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது அவள். அவன் முகத்தில் சதை பிடித்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை.

"பெரியவரு?" என்று அவள் கேட்டாள்.

"சிவசைலமா? நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில படுத்தவருதான். கேஸ் நடக்குது. நடந்துனே இருக்கும். அத்த வுடு." அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "எனக்கு வேல கெடச்சிருச்சிக்கா."

"எங்க?"

"வாரியத்துலயேதான். அதே ஏஜென்சி, ஆனா தொடுற வேல இல்ல. அத இப்ப பர்மனென்ட் ஆளுங்களே தொடுறாங்க. பயமே இல்லாமத் தொடுறாங்க, பாக்கவே ஆச்சரியமா இருக்கு. இதுக்கு ஏஸி ரூம்லயே உக்காரணும். நாற்காலிகூடச் சுத்துற நாற்காலி." அவன் பெருமையாகக் கையை உயர்த்திக் காட்டினான். விரலில் புத்தம்புதிய தகர மோதிரம். "ஆபீசருங்க ஒரு சீட்டுல எழுதி வெச்சிட்டுப் போயிருவாங்க. கையெழுத்துகூட இருக்காது. படிச்சிட்டு நான் ரெண்டு தட்டு தட்டணும். அவ்ளோதான் வேல."

சகாயராணி அந்த மோதிரத்தைப் பார்த்தபடி இருந்தாள். எந்த மோதிரத்துக்கும் திறக்கும் அந்த வரியை எழுதியது அவள்தான்.

"பதவிக்குப் பேரு இன்னா தெரியுமாக்கா?" அமலதாஸ் சிரித்தான். "ஆணையிடுநர்."